பேட்டைதோறும் பாட்டு: சென்னை மாநகரைப் பாடியவர்கள்

ஊரைப் பாடுவது தமிழ்ப் புலவர்க்குப் புதிய வேலை அன்று. பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகள் முழுக்க முழுக்க நகரத்தின் மேல் எழுந்தவை. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்டது. பத்துப்பாட்டுள் அதுவே மிக நீண்டது. மதுரையின் நாளங்காடியும் அல்லங்காடியும் அதில் இன்றும் இரைந்துகொண்டிருக்கின்றன. உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை 301 அடிகளே ஆயினும், கரிகாலன் அதற்குப் பதினாறு நூறாயிரம் பொன் பரிசளித்தான் என்று கலிங்கத்துப்பரணி கூறுகிறது. இளங்கோவடிகளோ ஒருபடி மேலே போய்ப் புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக்கி, கடலோரப் பகுதியில் எவர் குடியிருந்தனர், அரசவீதிப் பகுதியில் எவர் குடியிருந்தனர் என்று தெருத்தெருவாகக் காட்டுகிறார்.

இவ்வளவு பழைய வழக்கம் உடைய தமிழில், தமிழர் வாழும் நகரங்களில் மிகப் பெரிதாகிய சென்னைக்கு ஒரு மதுரைக்காஞ்சி உண்டா? இல்லை என்றே சொல்ல வேண்டும். இதற்குப் பலர் கூறும் காரணம் ஒன்று உண்டு. சென்னை வெள்ளையர் கட்டிய ஊர். 1639-ஆம் ஆண்டு பிரான்சிஸ் டே என்பவர் நாயக்கரிடம் ஒரு மணல்திட்டை வாங்கிக் கோட்டை எழுப்பினார்; அதைச் சுற்றிக் கடை எழுந்தது; கடையைச் சுற்றிக் குடி எழுந்தது; இப்படிப்பட்ட வணிக ஊருக்குப் பாட்டு ஏது என்பது அவர்கள் கேள்வி.

காரணம் பொருந்தவில்லை என்பதே நம் கருத்து. புகாரும் வணிக ஊர்தான். மேலும் சென்னைக்குப் பாட்டு இல்லாமல் இல்லை. நகரைவிடப் பழைய பாட்டுகள் அதற்கு உண்டு. அவை முழு நகரைப் பாடவில்லை. பேட்டை பேட்டையாகப் பாடின.

கடலோர மயிலை

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் ஒரு பதிகம் பாடினார். சிவநேசர் என்னும் வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி மாண்டாள். அவளுடைய எலும்பையும் சாம்பலையும் குடத்தில் இட்டு வைத்திருந்தார் தந்தை. சம்பந்தர் பாட, பெண் உயிர்பெற்று எழுந்தாள் என்பது சேக்கிழார் வரலாறு. பதிகத்தைத் தனியே எடுத்துப் படிப்பவர்க்கு வேறொன்று புலப்படும். எழுந்திரு என்று ஓரிடத்திலும் சம்பந்தர் ஆணையிடவில்லை. உன் ஊரில் இன்ன மாதம் இன்ன விழா நடக்கிறதே, அதைப் பாராமலேயே போய்விடுவாயோ என்றுதான் பாட்டுக்குப் பாட்டுக் கேட்கிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசியில் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஆண்டு முழுவதும் விரிகிறது பட்டியல். ஊர்ப்பெண்கள் விளக்கேற்றுவதும் தென்னஞ்சோலையும் கடல்நீராட்டும் அதில் வருகின்றன. மாண்டவளை மீட்க ஒரு தெருவின் திருவிழாக்களை எண்ணிக் காட்டினால் போதும் என்று நினைத்த பாவலர் உள்ளம் எத்தகையது! ஓர் ஊர்ப்பகுதியின் மேல் எழுந்த பாட்டுகளில் இதற்கு இணையானது வேறு மொழிகளிலும் அரிதாகவே இருக்கும்.

பத்துமலைக்கும் தண்ணீர்மலைக்கும் காவடியோடு செல்லும் நம் நாட்டு அன்பர்கள் இதில் இன்னொன்றும் கருதலாம். சம்பந்தர் கூறும் தைப்பூசம் சிவன் கோயில் விழா. பூசத்தைக் குறிக்கும் பழைய சான்றுகளுள் இது ஒன்று. முருகன் விழாவாக நாம் அறிந்திருப்பதற்கு முன்பே மயிலைத் தெருவில் அந்த நாள் களித்திருந்தது.

இப்பதிகம் வரலாற்று ஆராய்ச்சிக்கும் பயன்பட்டது. இன்று கபாலீசுவரர் கோயில் கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி நிற்கிறது. கோயில் வாசலில் நின்றால் அலையோசை கேளாது. ஆனால் சம்பந்தரோ அலை வந்து உலாவும் மயிலை என்று பாடுகிறார். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்குப் பின் வந்த அருணகிரிநாதரும் மயிலைத் திருப்புகழில் கடற்கரையையே பாடுகிறார். இருவரும் பொய் சொல்லியிருக்க முடியாது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் சாந்தோமில் குடியேறியபின் கடலோரத்துப் பழங்கோயில் அழிந்தது. பின்னர் உள்ளே தள்ளி இப்போதைய கோயில் எழுந்தது என்பது அறிஞர் முடிவு. சாந்தோம் தேவாலயப் பகுதியில் கிடைத்த பழங்கோயில் கல்வெட்டுத் துண்டுகள் இதற்குத் துணை நிற்கின்றன. கற்கள் பெயர்ந்து போயின. பாட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. இடம் பெயர்ந்த கோயிலுக்குப் பழைய முகவரியைக் காப்பாற்றித் தந்தவை பாட்டுகளே.

திருவல்லிக்கேணியின் செய்தியும் சுவையானது. பேயாழ்வார், திருமழிசையாழ்வார், திருமங்கையாழ்வார் மூவரும் அவ்வூர்ப் பெருமாளைப் பாடியுள்ளனர். திருமங்கையாழ்வார் அதனை மயிலையைச் சேர்ந்த திருவல்லிக்கேணி என்றே குறிப்பிடுகிறார். தொண்டையர் மன்னன் எடுத்த கோயில் என்றும் சொல்கிறார். அங்கே பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருப்பது பாட்டுக்குச் சான்று கூறுகிறது. இன்று திருவல்லிக்கேணியாரும் மயிலாப்பூராரும் தத்தம் ஊர்ப் பெருமையைத் தனித்தனியே பேசுவர். ஆழ்வார் காலத்தில் ஒன்று மற்றொன்றின் பகுதி.

வடக்கே திருவொற்றியூர். மூவர் தேவாரமும் பெற்றது. சுந்தரர் சங்கிலியாரை மகிழ மரத்தடியில் சூளுரைத்து மணந்து, சூள் தவறிக் கண்ணிழந்ததாகக் கூறப்படும் ஊர். பெரியபுராணம் அவ்வூரின் சக்கரப்பாடித் தெருவை எடுத்துக் கூறுகிறது. அது செக்காட்டும் எண்ணெய் வணிகர் தெரு. அத்தெருவாசியான கலியநாயனார் வறுமையால் எண்ணெய் வாங்க வழியின்றித் தம் குருதியையே விளக்குக்கு ஊற்றத் துணிந்தார். அரண்மனையையும் மாடவீதியையும் விட்டு ஒரு செக்கான் தெருவின் பெயரைச் சேக்கிழார் காப்பாற்றி வைத்தது நமக்குப் பெரும்பேறு.

இந்த ஊர்களெல்லாம் எப்போது சென்னை ஆயின? கம்பெனியார் திருவல்லிக்கேணியைப் பெற்றது 1676-இல். எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகியவற்றை 1693-இல். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம் முதலிய ஐந்து ஊர்களை 1708-இல். மயிலாப்பூரையும் சாந்தோமையும் 1749-இல். ஒவ்வோர் ஊரும் கைமாறியபோது நிலமும் வரியும் கணக்கில் ஏறின. பாட்டு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அதுவும் கூடவே வந்தது. சென்னை என்பது மணல்திட்டில் முளைத்த கோட்டை மட்டும் அன்று. பாடல் பெற்ற ஊர்களைக் கோட்டை ஒவ்வொன்றாக விழுங்கிய கதையும் அதுவே.

கோட்டைக்கு அருகே

கோட்டைப் பக்கத்தில் வேறுவகை இசை கேட்டது. அங்கே வெள்ளைக்கார வாத்தியக் கூட்டம் நாள்தோறும் முழங்கியது. மணலிச் செல்வர் ஆதரவில் தங்கியிருந்த இராமசாமி தீட்சிதரின் மகன் முத்துசாமி தீட்சிதர் அந்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழிச் சொற்களை அமைத்தார். இங்கிலாந்து மன்னர் வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. ‘நோட்டுஸ்வரம்’ என்று இசைவாணர் இவற்றை அழைப்பர். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் பிடில் கற்று அதைக் கருநாடக இசையில் சேர்த்தார். சென்னை தந்த முதல் கலப்பு இசை இது எனலாம். தியாகராசர் தம் முதுமையில் இங்கு வந்து, பந்தர் தெருவில் சுந்தரேச முதலியார் விருந்தினராகத் தங்கியதும், கோவூரிலும் திருவொற்றியூரிலும் ஐந்தைந்து கீர்த்தனைகள் பாடியதும் இசையுலகம் அறிந்தவை; விரிக்க வேண்டுவதில்லை.

நின்று பேச வேண்டியது ஏழுகிணற்றைப் பற்றி. கோட்டைக்குக் குடிநீர் அனுப்ப 1772-இல் கம்பெனியார் திட்டமிட்டு வெட்டிய கிணறுகளால் அப்பகுதிக்கு அப்பெயர் வந்தது. அங்கே வீராசாமிப் பிள்ளை தெருவில் ஒரு வீட்டில் வளர்ந்தவர் இராமலிங்க அடிகள். 1823-இல் மருதூரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இந்நகருக்கு வந்தவர். இளஞ்சிறுவராக இருந்தபோதே அருகிலிருந்த கந்தகோட்டத்து முருகன்மேல் தெய்வமணிமாலை பாடினார் என்பர். அதன் முப்பத்தொரு பாட்டுகளும் ஒவ்வொன்றாகச் சென்னையைப் பெயர்சொல்லி, அறம் மிகுந்த ஊர் என்று போற்றி முடிகின்றன. சென்னை என்ற பெயர் தமிழ்ப் பாட்டில் இவ்வளவு அன்போடு திரும்பத் திரும்ப ஒலித்தது அங்கேதான் என்று எண்ணுகிறோம்.

பின்னாளில் அதே அடிகளார் பாடிய பிள்ளைப் பெருவிண்ணப்பத்தைப் பாருங்கள். அங்கே சென்னைக்கு வேறு அடைமொழி வருகிறது. அறம் மிகுந்த ஊர் இப்போது பொருள் தேடுவதில் மிகுந்த ஊராகிவிட்டது. அங்கே இருந்தால் துன்பம் நேரும் என்று உள்ளம் அஞ்சி, நாட்டுப்புறத்துச் சிற்றூர்களை நாடிச் சென்றேன் என்கிறார். 1858 அளவில் அவர் நகரை விட்டு நீங்கிச் சிதம்பரம் சென்று, பின் கருங்குழியில் தங்கினார். திருவொற்றியூருக்கு நடந்தே சென்று வழிபட்ட கால்கள் அப்பக்கம் திரும்பவில்லை. சிறுவனின் பாட்டையும் துறவியின் பாட்டையும் அருகருகே வைத்துப் படித்தால், ஒரே ஊரின் இரு முகங்கள் தோன்றுகின்றன. அவ்விரு முகமும் பொய் அல்ல. நகரை நேசித்து நகரை அஞ்சிய இந்த உள்ளமே, பின்வந்த சென்னைப் பாட்டுகள் பலவற்றிலும் இருக்கிறது.

அடிகளார்க்குச் சற்று முன்னே, இராயபுரம் பக்கத்துத் தோப்பில் வாழ்ந்தவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டி அருகே குணங்குடியில் பிறந்து, துறவு பூண்டு சென்னை வந்தவர். சித்தர் மரபில் அவர் பாடிய பாட்டுகளை இந்து, முசுலிம் என்ற வேறுபாடின்றி மக்கள் பாடினர். தொண்டியார் தங்கிய இடமாதலால் தண்டையார்பேட்டை என்ற பெயர் வந்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது, ஆயினும் ஏற்பதற்கில்லை. 1693-இல் கம்பெனியார் பெற்ற ஊர்களுள் தண்டையார்பேட்டை ஏற்கெனவே இருக்கிறது. மஸ்தான் சாகிபு பிறந்ததோ அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து. பாவலர் பெயரால் பேட்டை ஏற்படவில்லை. ஆனால் தங்கள் பேட்டைக்கு ஒரு பாவலர் பெயரையே வைத்துக்கொள்ள விரும்பிய மக்களின் ஆசையை இக்கதையில் காண்கிறோம்; அந்த அளவில் கதைக்கும் மதிப்பு உண்டு.

முச்சந்தியும் திரையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சு மலிந்தது. கந்தசாமி கோயிலை அடுத்த குசிலிக் கடைத் தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் பாட்டுப் புத்தகங்கள் விற்றன. மட்டமான தாள், பெரிய எழுத்து, சிந்து, கும்மி, லாவணி, தெம்மாங்கு. கொலை, வெள்ளம், தீவிபத்து, இரயில், கள்ளுக்கடை, எது நேர்ந்தாலும் பாட்டாயிற்று. எழுதியவரே முச்சந்தியில் நின்று பாடி விற்பதும் உண்டு. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு செர்மானியக் கப்பல் எம்டன் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. எம்டன் என்ற சொல் வல்லாளனைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. புலவர்கள் இவற்றை இலக்கியமாக எண்ணவில்லை, நூலகங்கள் சேர்க்கவில்லை. பெரும்பகுதி மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போயிற்று. எஞ்சியவற்றைத் தேடி எடுத்து ஆ. இரா. வேங்கடாசலபதி முதலிய ஆய்வாளர்கள் ‘முச்சந்தி இலக்கியம்’ என்று பெயரிட்டு நமக்குக் காட்டியது அண்மைக் காலத்தில்தான்.

நம் பக்கத்துக்கும் இவ்விரு மரபும் கப்பல் ஏறி வந்தன என்பதை இங்கே குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் 1887-இல் சிங்கைநகர் அந்தாதி பாடினார். ஊரைத் தெய்வத்தின் வழியாகப் பாடும் மயிலை வழக்கு அது. 1893-இல் சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயத்தைப் பற்றி ஒரு லாவணி அச்சாயிற்று. அது குசிலித் தெருவின் வழக்கு. கோயிலும் முச்சந்தியும் சேர்ந்தே கடல் கடந்தன.

திரைப்படம் வந்தபின் நகரைப் பாடும் வேலையைத் திரைக்கவிஞர் மேற்கொண்டனர். 1967-இல் வெளிவந்த ‘அனுபவி ராஜா அனுபவி’ படத்தில் நாகேசுக்காக டி. எம். சௌந்தரராசன் பாடிய கண்ணதாசன் பாட்டில், நாட்டுப்புறத்தான் ஒருவன் நகருக்கு வந்து திகைக்கிறான். மக்களின் அவசரத்தையும் அவர்கள் பேசும் தமிழையும் கேலி செய்கிறான். 1994-இல் ‘மே மாதம்’ படத்துக்கு வைரமுத்து எழுதிய பாட்டில் நகரத்துப் பார்வையிடங்களைச் சுற்றிவரும் களிப்பு இருக்கிறது. இரண்டும் வெளியூராரின் கண்ணால் கண்ட சென்னை. மகிழ்ச்சி தருபவை, அதற்குமேல் அவற்றில் தேட வேண்டியதில்லை.

கானா

உள்ளூரார் தாமே பாடியது கானா. இந்துத்தானியில் பாட்டு என்று பொருள்படும் சொல் இது. இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு முதலிய வடசென்னைப் பேட்டைகளில், துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்த மக்களிடையே வளர்ந்தது. அதன் முதல் மேடை இழவு வீடு. பிணத்தை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். அழுது ஓய்ந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பாடுவார், மற்றவர் எடுத்துப் பாடுவர். சட்டி, தகரம், டேப்பு, கிடைத்தால் புல்புல்தாரா. இறந்தவர் யார், எந்தத் தெருவில் எப்படி வாழ்ந்தார், என்ன வேலை செய்தார், இந்த உடம்பு என்ன ஆகும் என்று பாட்டு ஓடும். சித்தர் பாடல்களின் நிலையாமையும், மஸ்தான் சாகிபுவின் எக்காளமும், பக்கீர்களின் தாளமும் அதில் கலந்திருப்பதாக ஆய்வாளர் கூறுவர். மொழியில் தெலுங்கும் உருதும் விரவிய சென்னைத் தமிழ். திரையில் கேலிக்கு ஆளான அதே தமிழ் இங்கே மாண்டவரை வழியனுப்புகிறது.

மாண்டவளின் முன் நின்று அவள் தெருவின் சிறப்பை எடுத்துக் கூறிய பதிகம் நினைவுக்கு வருகிறது அல்லவா? இரண்டையும் ஒப்பிடுவது சிலர்க்கு உறுத்தலாம். நமக்கு உறுத்தவில்லை. பதிகத்தில் பெண் எழுகிறாள்; கானாவில் எவரும் எழுவதில்லை. வேறுபாடு பெரிதுதான். ஆனால் இறந்தவர்க்கு எடுத்துச் சொல்லத் தக்கது அவர் வாழ்ந்த ஊர்ப்பகுதியே என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றே.

கிடைத்த மதிப்பில் மட்டும் வேற்றுமை பெரிது. பதிகம் திருமுறை ஆயிற்று. சென்னையில் 1927-ஆம் ஆண்டுக் காங்கிரசு மாநாட்டின் இசை விழாவையொட்டி 1928-இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. மார்கழி இசைவிழா உலகப் புகழ் பெற்றது. பாபநாசம் சிவன் மார்கழி விடியலில் மயிலை மாடவீதிகளில் பாடி வந்த பசனையும், கபாலி வீதியுலாவைக் கண்டு இயற்றிய காம்போதிக் கீர்த்தனையும் மேடைக்கும் ஏட்டுக்கும் ஏறின. கானாவுக்கு ஏடும் இல்லை, மேடையும் இல்லை. 1990-களில் இசையமைப்பாளர் தேவா திரையில் கொண்டுவந்தபோது ஊரெல்லாம் ஆடியது. எனினும் திரையில் வந்தது பெரும்பாலும் கேளிக்கைக் கானா. இழவு வீட்டுப் பாட்டின் பழைய தலைமுறைப் பாடகர் பலர் பதிவின்றியே மறைந்தனர். குசிலிப் புத்தகங்களுக்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேர்ந்தது. அங்கே பொட்டலமாவது மடித்தார்கள்.

இந்நூற்றாண்டில் சிறிது மாற்றம் காண்கிறோம். இயக்குநர் பா. இரஞ்சித் முயற்சியில் உருவான ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதல் மேடையேறியது. கானாவையும் பறையையும் மேனாட்டு இசையையும் சேர்த்துச் சாதிக் கொடுமையை நேருக்கு நேர் பாடியது. அக்குழுவின் இசைவாணி, ஆண்கள் மட்டுமே பாடிவந்த கானாவைத் தாம் பாடி, 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் வரிசையில் இடம்பெற்றார். அவ்வாண்டு திசம்பரில், சபா மேடைகளின் பருவத்திலேயே, ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கிற்று. மார்கழி எவருடைய மாதம் என்ற கேள்வி இப்படிப் பாட்டாலேயே கேட்கப்பட்டது.

இதற்கிடையே பேட்டைகளே இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. பக்கிங்காம் கருநாடிக் ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. மதராஸ் என்ற ஆங்கிலப் பெயர் நீங்கிச் சென்னை என்பதே எல்லா மொழியிலும் பெயர் ஆனதும் அவ்வாண்டே. 2000-க்குப் பின், கூவம், அடையாற்றங்கரைகளிலும் பிற இடங்களிலும் குடிசையிட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் தெற்கெல்லைக்கு அப்பால், பழைய மாமல்லபுரம் சாலையோரம் அடுக்கு வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. வேலையும் பள்ளியும் பழைய பேட்டையில், படுக்கை மட்டும் புது இடத்தில் என்று அவர்கள் பலகாலம் அல்லற்பட்டனர். அக்குடியிருப்புக்கு அரசினர் இட்ட பெயர் கண்ணகி நகர். புகாரில் பிறந்து, அந்நகரின் வீட்டை விட்டு, கணவனோடு கால் நடையாய் வேற்றூர் சென்றவளின் பெயர் அது. பெயரிட்டவர் இதை எண்ணினாரோ, அறியோம். அந்த அடுக்கு வீடுகளிலும் சாவு நேர்கிறது. இரவு விழித்திருந்து பாடுகிறார்கள்.